ஸ்கின்னரின் தொட்டில்
பி.எட். படித்தவர்களுக்கு அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் என்றால் எலி, புறா, அவற்றின் நடத்தையைச் சோதிக்க அவர் அமைத்த பெட்டி. தேர்வோடு மறந்துவிடும். அவர் பெயரிலான அறக்கட்டளை, 1953இல் வந்த அவரது 'அறிவியலும் மனித நடத்தையும்' நூலை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. நேற்றுதான் இறக்கினேன். மூத்த மகள் ஜூலி வர்காஸ் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்திய அமைப்பு இது.

இளைய மகள் டெபோராவைப் பெட்டிக்குள் வளர்த்துப் பைத்தியமாக்கிவிட்டார் என்றொரு கதை உண்டே? சுத்தப் பொய். கண்ணாடி முகப்பும் சீரான வெப்பமும் உள்ள தொட்டில், அவ்வளவுதான். 2004இல் டெபோராவே நாளிதழில் மறுத்து எழுதினார். ஆனாலும் வதந்தி சாகவில்லை, பாவம் மனுஷன்.

சரி, நூலில் தண்டனை பற்றிய அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டினேன். பிரம்போடு வரும் என் கணக்கு வாத்தியார் நினைவுக்கு வந்தார்.