வாயில் வராத எழுத்துகள்

ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு மொழி வரலாற்றுத் தாளை நான் நடத்தத் தொடங்கிப் பல வருடமாகிறது. யாருக்கும் பிடிக்காத தாள் அது. 1066, 1476, 1755 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டுப் போவார்கள். பாடத்திட்ட வரிசையை ஓரம் வைத்துவிட்டு ஸ்பெல்லிங்கிலிருந்து ஆரம்பித்த பிறகுதான் வகுப்பு களைகட்டியது.

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் என்றாலே ஒரு கடுப்பு. குதிரை வீரனைக் குறிக்கும் ‘நைட்’டுக்கு முன்னால் கே எதற்கு, நடுவில் ஜி, ஹெச் எதற்கு? 14ஆம் நூற்றாண்டில், ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய காலத்தில், அவையெல்லாம் வாயில் வந்த ஒலிகள்தான். ‘க்னிஹ்ட்’ என்பதுபோல் நான் சொல்லிக் காட்டினால் வகுப்பே சிரிக்கும். அப்புறம் ஆளாளுக்குச் சொல்லிப் பார்ப்பார்கள்.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டார். லண்டன் பக்கத்து எழுத்துமுறை அச்சேறிப் பரவி, மெல்ல மெல்ல உறைந்துபோனது. பேச்சோ அதே காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நெடில் உயிர்கள் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் இடம் மாறின. ‘நாம’ என்பதுபோல் இருந்தது ‘நேம்’ ஆயிற்று, ‘ஹூஸ்’ என்றது ‘ஹவுஸ்’ ஆயிற்று. ‘நேம்’ கடைசியில் சும்மா நிற்கும் ஈ-யும் ஒரு காலத்தில் ஒலித்ததுதான்.

இதையாவது மன்னிக்கலாம். படித்தவர்கள் செய்த வேலைதான் எனக்கு எரிச்சல். ‘டெட்’, அதாவது கடன், பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீன் மூலம் தெரியட்டும் என்று பிற்பாடு செருகினார்கள். ‘ஐலண்ட்’ இன்னும் மோசம். அது பழைய ஆங்கிலச் சொல், லத்தீனுக்கும் அதற்கும் உறவே இல்லை. லத்தீன் வழி வந்த, தீவையே குறிக்கும் ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லோடு குழப்பி எஸ்ஸைத் திணித்துவிட்டார்கள். இதைக் கேட்டதும் ஒரு மாணவி, “தப்பு அவங்களுது, மார்க் போனது எனக்கா மேடம்?” என்றாள்.

சரி, இப்போதாவது மாற்றக் கூடாதா என்பார்கள். அமெரிக்காவில் அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் ‘கல’ரிலிருந்து யு-வை எடுத்தார், அது நின்றது. நாக்கைக் குறிக்கும் ‘டங்’கை டி, யு, என், ஜி என்று எழுதச் சொன்னார், ஒருவரும் சீண்டவில்லை. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா ஆங்கிலத்துக்குப் புதிய எழுத்து வரிசைக்கென்று உயிலில் பணமே ஒதுக்கினார். எழுத்து வந்தது, புழக்கத்துக்கு வரவில்லை. ஒலிப்படி எழுதுவதென்றாலும் யார் ஒலிப்படி? ‘கார்’ என்பதில் ஸ்காட்லாந்துக்காரர் ஆரை உருட்டுகிறார், லண்டன்காரர் விழுங்கிவிடுகிறார்.

“நாம சொல்றபடி எழுதச் சொல்லுங்க மேடம்” என்றது கடைசி பெஞ்ச்.