கிராப்பிக்கு எந்த ஜிக்?

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஏரி உறைந்தாச்சு, ஐஸில் துளை போட்டு கிராப்பி என்கிற மீனைப் பிடிக்க என்ன வாங்கலாம் என்று கேட்கிறார்கள். பெரிய தூண்டில் முள்ளெல்லாம் வேண்டாம். 4 மில்லிமீட்டர் டங்ஸ்டன் ஜிக் (தலையில் உலோகக் குண்டு வைத்த முள்) போதும். ஈயத்தைவிட அடர்த்தி அதிகம், சின்னதாக இருந்தாலும் சட்டென்று இறங்கும். தூண்டில் நரம்பு 3 பவுண்டு தாங்கினால் தாராளம். இந்த மீனுக்கு வாய் காகிதம் மாதிரி, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் நுனி நன்றாக வளைகிற கோலாகப் பாருங்கள்.

அப்புறம், கிராப்பி மேலே பார்த்துத்தான் இரை தேடும். ஜிக்கை மீனுக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்துங்கள். கவ்விக்கொண்டு அது மேலே வந்தால் நரம்பு இழுபடாது, தொய்யும். கோல் நுனியில் மெல்லிய ஸ்பிரிங் மாட்டியிருந்தால், வளைந்திருந்தது மெதுவாக நிமிரும். அதுதான் கடி! தக்கையை நான் எடுத்துப்போவதே இல்லை, துளையில் ஐஸ் கட்டி ஒட்டிக்கொள்கிறது. இருட்டும் நேரத்துக்கு ஒளிரும் ஜிக் ஒன்று இருக்கட்டும்.