சுண்ணாம்புப் போத்தலின் மூடி

தேயிலை மலைக்கு உரமாக வந்திறங்கும் எப்பாவல பொஸ்பேற் மூட்டைகளை நம் பழைய மாணவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தூளும் நம் எலும்பும் ஒரே அபற்றைற் குடும்பம், அதாவது கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த கனிமம். எலும்பில் ஐதரொட்சில் இருக்கிற இடத்தில் எப்பாவலக் கல்லில் புளோரினும் குளோரினும் இருக்கும். புளோரின் உள்ளது சூட்டைத் தாங்கும். எலும்பின் வகையான ஐதரொட்சிஅபற்றைற்றை ஆய்வுகூடத்தில் செய்து சுடுவதுதான் பொறுமையைச் சோதிக்கும்.

மலைநாட்டு ஆய்வுகூடம் என்றதும் யன்னலில் படியும் பனியும், அலுமாரியில் கட்டிதட்டிய சுண்ணாம்புப் போத்தலும் நினைவுக்கு வரும். வேலை கெடுவது பெரும்பாலும் அந்தப் போத்தலில்தான்.

கல்சியம் ஐதரொட்சைட் 37.05 கிராமை (0.5 மூல்) ஒரு லீற்றர் நீரில் கலக்கி, 85 வீத பொஸ்போரிக் அமிலம் 34.6 கிராமை (0.3 மூல்) ஐதாக்கித் துளித்துளியாக விடவேண்டும். பிஎச் 10க்குக் கீழே இறங்கினால் அமோனியா சேருங்கள். ஒரு நாள் வைத்து, கழுவி, உலர்த்தி அரைத்தால் கல்சியம்–பொஸ்பரஸ் விகிதம் 1.67.

சுண்ணாம்பு ஈரக்காற்றில் காபனீரொட்சைட்டை இழுத்திருந்தால் அதே 37.05 கிராமில் கல்சியம் குறைவு. சுடாத தூளில் அது தெரியாது. 800 பாகை செல்சியஸ் தாண்டிச் சுட்டபின் எக்ஸ்-கதிர் வரைபில் அபற்றைற்றுக்குரிய 31.8 பாகைக் கோண உச்சியின் பக்கத்தில், 31.0 இல், இன்னொன்று முளைக்கும்: பீற்றா முக்கல்சியம் பொஸ்பேற். திட்டு உலைக்கு விழும், பாவம்!

அதனால் முதலில் 2 கிராம் சுண்ணாம்பை 1,000 பாகையில் ஒரு மணித்தியாலம் சுட்டு நிறுங்கள். சுத்தமானது 24.3 வீதம் குறையும். அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால் காபனேற்றோ ஈரமோ இருக்கிறது. மிஞ்சுவது கல்சியம் ஒட்சைட், அது 28.04 கிராம் கிடைக்கும் அளவுக்குச் சுண்ணாம்பைக் கூட்டி எடுங்கள். மாத்தளைச் சூளைச் சுண்ணாம்பு மலிவு, ஆனால் வேண்டாம். அந்தப் பக்கத்துக் கல்லில் டொலமைற் கலந்திருக்கும். அதிலுள்ள மக்னீசியமும் பீற்றாவின் பக்கமே இழுக்கும்.

சூட்டை நிமிடத்துக்கு 5 பாகையாக ஏற்றலாம். 600 இல் பளிங்குகள் சிறியவை, உச்சிகள் அகலமாக நிற்கும். 900 இல் கூர்மையாகும். தூளை அழுத்திச் செய்த வில்லையை இறுக்க 1,200 இல் இரண்டு மணித்தியாலம். பீற்றா கலந்த வில்லையென்றால் 1,125 அளவில் அது அல்பா வடிவமாக மாறும், அடர்த்தி 3.07 இலிருந்து 2.86 ஆகும், வில்லை வீங்கி வெடிக்கும். 1,300க்கு மேலே போனால் நல்ல அபற்றைற்றே உடையத் தொடங்கும்.

கல்சியம் மிஞ்சினாலும் தொல்லைதான். சுட்ட தூளை நனைத்துப் பினோத்தலீன் விடுங்கள். இளஞ்சிவப்பானால் கல்சியம் ஒட்சைட் கிடக்கிறது. அப்படிப்பட்ட வில்லை உலையிலிருந்து முழுசாக வந்து, பனிக்காலத்து ஈரத்தைக் குடித்து, அலுமாரிக்குள்ளேயே உதிரும்.