தமிழி படிக்கப் பழகுகிறேன்: பதினோரு மாதக் குறிப்பு

எங்கள் வீட்டு உப்பு டப்பாவின் மேல் இரண்டே எழுத்து இருக்கும். முதலாவது, நிற்கும் கோட்டின் அடியில் வலப்பக்கம் ஒரு படுக்கைக் கோடு. இரண்டாவது, இடது கால் நீண்டு வலது கால் குட்டையான ஒரு கொக்கி, அதன் அடியில் சின்னதாக ஒரு கோடு. 'உபு' என்று படிக்க வேண்டும். அழகர்மலைக் குகையில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் உப்பு வணிகரைப் பற்றி வெட்டியபோது இப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள். இரட்டிக்கும் எழுத்தை ஒற்றையாக எழுதுவதை அந்தக் காலக் கல்வெட்டுகளில் நிறையவே பார்க்கலாம். "டப்பாவுல என்னடா எழுதி வச்சிருக்க?" என்று கேட்ட அம்மா, இப்போது "உபு தீந்துபோச்சு, வாங்கிட்டு வா" என்கிறார்.

மதுரையில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. மதுரையைச் சுற்றியிருக்கும் குன்றுகளில் பழைய தமிழ் எழுத்தான தமிழி (தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்) இத்தனை இடத்தில் இருக்கிறது என்பது நாற்பது வயது வரை எனக்குத் தெரியாது. ஒரு முறை கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனபோது பானை ஓட்டில் கீறியிருந்த 'ஆதன்' என்ற பெயரைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த விளக்கப் பலகையைப் படித்துத்தான் அது பெயர் என்றே தெரிந்தது. பலகை இல்லாமல் எனக்கே தெரிய வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அப்படித் தொடங்கியதுதான்.

முதல் இரண்டு மாதம் மலை ஏறவே இல்லை. ஓர் எழுத்து அட்டவணையை அச்செடுத்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். வியாபாரம் இல்லாத மதிய நேரத்தில் பழைய பில் தாள்களின் பின்பக்கம் எழுதிப் பார்ப்பேன். க என்றால் கூட்டல் குறி. ந என்றால் தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில T. அதன் அடிக்கோட்டின் நுனியை வளைத்துவிட்டால் ன. வ என்றால் ஒரு வட்டம், அதன் தலையில் ஒரு காம்பு. ர வெறும் நெட்டைக் கோடு. மேலே வலப்பக்கம் ஒரு கோடு இழுத்தால் ஆகாரம், இடப்பக்கம் இழுத்தால் எகரம், இரண்டு பக்கமும் இழுத்தால் ஒகரம். குறில் நெடில் வித்தியாசத்தை எகரத்திலும் ஒகரத்திலும் நாம்தான் இடம் பார்த்துக் கண்டுகொள்ள வேண்டும்.

உண்மையில் பதினைந்து நாளில் எழுத்தெல்லாம் மனதில் நின்றுவிட்டது. தாளில் படிப்பது அவ்வளவு எளிது. பாறையில் அப்படி இல்லை.

மூன்றாம் மாதம் முதல் மலை: செக்கானூரணி பக்கம் இருக்கும் கொங்கர் புளியங்குளம். சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம். வரிசையாகக் கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை போலக் கொஞ்சம் உயர்த்தி வெட்டியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டி, எழுத்தை அதற்குக் கீழே பொறித்திருக்கிறார்கள். அண்ணாந்து நின்று அரை மணி நேரம் பார்த்தேன். ஒன்றுமே புரியவில்லை. எல்லாம் பாறையின் கீறல் மாதிரியே இருந்தது.

அன்றைக்குப் பையில் சாக்பீஸ் கொண்டுபோயிருந்தேன். எட்டும் இடமாக இருந்தால் எழுத்தின் மேல் பூசிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். உடன் வந்த நண்பர், என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் இதில் பல வருடப் பழக்கம் உள்ளவர், "அண்ணே, அதைப் பையிலேயே வைங்க" என்றார். காரணமும் சொன்னார். சாக்பீஸ் பூசும்போது நாம் எதை எழுத்து என்று நினைக்கிறோமோ அதைத்தான் வெள்ளையாக்குகிறோம். பிறகு வருகிறவர் கல்லைப் படிக்க மாட்டார், நம் கையைத்தான் படிப்பார். அந்தப் பொடி குழிக்குள் தங்கிக் கல்லையும் கெடுக்கும். மைப்படி (எழுத்தின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுப்பதற்கு முறையான அனுமதியும் பயிற்சியும் வேண்டும், அது நம் வேலை இல்லை.

அப்புறம் அவர் செய்து காட்டியதைத்தான் இன்று வரை செய்கிறேன். டார்ச்சை எழுத்துக்கு நேராக அடிக்கக் கூடாது. பாறையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்து அடிக்க வேண்டும். வெட்டிய பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து தானாக எழுந்து நிற்கும். ஒரே எழுத்தை இடமிருந்து, வலமிருந்து, கீழிருந்து என்று மூன்று தடவை வெளிச்சம் மாற்றிப் போனில் படம் எடுக்க வேண்டும். மூன்றிலும் இருந்தால் அது உளி வெட்டு. ஒன்றில் மட்டும் இருந்தால் சந்தேகம்தான்.

அன்று வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருந்தபோது ஒரு கூட்டல் குறி தெரிந்தது. அதற்கு மேலே இரண்டு பக்கமும் கோடு. கொ. அடுத்தது டு. பி. த. வ. ன. கொடுபிதவன்! கொடுப்பித்தவன். யாருடைய உதவியும் இல்லாமல் கல்லிலிருந்து நேராக நான் படித்த முதல் சொல். கை நடுங்கியது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத்தும் கோணலாகத்தான் இருக்கிறது.

அங்கே இன்னொரு கல்வெட்டு பாகனூரைச் சேர்ந்த பேராதன் பிடன் என்பவரின் கொடையைச் சொல்கிறது. வீட்டுக்கு வந்து தேடியபோது, பல நூற்றாண்டு கழித்து 8ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் கொடுத்த வேள்விக்குடிச் செப்பேட்டிலும் பாகனூர்க் கூற்றம் (கூற்றம் என்றால் அந்தக் கால நாட்டுப் பிரிவு) வருவது தெரிந்தது. ஒரு ஊர்ப்பெயர் அத்தனை காலம் ஆட்களின் வாயில் இருந்திருக்கிறது! அதே அரசனின் அமைச்சர் மாறன்காரி 770இல் யானைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தார், வேலை முடிவதற்குள் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்து வைத்தார். எங்கள் கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும் வழியில் தினமும் தெரிகிற மலை அது.

ஐந்தாம் மாதம் மாங்குளம். மீனாட்சிபுரத்திலிருந்து ஏற வேண்டும். பெயர் பெற்ற கல்வெட்டுகள். 1882இல் ராபர்ட் சூவெல் கண்டறிந்தார். அவை தமிழ்தான் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அதில் இருப்பதை ஐராவதம் மகாதேவன் 1965இல் படித்துச் சொன்னார். இதையெல்லாம் படித்துவிட்டுப் போயும் நான் தடுமாறினேன். எழுத்து நன்றாகவே தெரிகிறது, ஆனால் சேர்த்துப் படித்தால் தமிழாக வரவில்லை.

இந்த இடத்தில்தான் மூன்று வாரம் சிக்கிக்கொண்டேன். விஷயம் என்னவென்றால், மிகப் பழைய கல்வெட்டுகளில் கூட்டல் குறி மட்டும் இருந்தால் 'க்'. வலப்பக்கம் கோடு போட்டிருந்தால் 'க' ஆகவும் இருக்கலாம், 'கா' ஆகவும் இருக்கலாம். மகன் என்ற சொல்லை அந்த முறையில் எழுதினால், நான் பழகிய அட்டவணைப்படி 'மாகான' என்று படிப்பேன். புள்ளி வந்தது பிறகுதான். இது புரியாமல் நான் எல்லா இடத்திலும் நெடிலாகப் படித்துக்கொண்டிருந்தேன். புரிந்த பிறகு 'கணிய் நந்தஅஸிரிய்இ குவ்அன்கே தம்மம்' என்று தொடங்கும் வரியை மெல்லப் படித்தேன். கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் ஆளான கடலன் வழுதி செய்து கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம். வழுதி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பாட்டில்தான் கேட்டிருக்கிறேன். ழகரத்தை மட்டும் நான் சரியாகப் பிடிக்கவில்லை. நோட்டில் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

இன்னொரு தவறும் அங்கேதான் செய்தேன். ஒரு சொல்லின் நடுவில் ர இருப்பதாக எழுதிக்கொண்டு வந்து, அதை வைத்து ஒரு பெயரே உண்டாக்கிவிட்டேன். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது பாறையின் வெடிப்பு. அதிலிருந்து நெட்டைக் கோடு எதைப் பார்த்தாலும் அதன் இரண்டு நுனியையும் முதலில் பார்க்கிறேன். உளி வெட்டிய கோடு ஓர் இடத்தில் நிற்கும். வெடிப்பு ஓடிக்கொண்டே போகும்.

ஆறும் ஏழும் மழை, கடையில் சரக்கு வேலை. மலைக்குப் போகவில்லை. மளிகைச் சீட்டைத் தமிழியில் எழுதினேன், மகளுக்கு அவள் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

எட்டாம் மாதம் கீழக்குயில்குடி சமணர்மலை. இங்கே பேச்சிப்பள்ளத்தில் இருப்பது தமிழி இல்லை, பல நூற்றாண்டுகள் பிந்திய வட்டெழுத்து. எனக்கு அது இன்னும் வராது. சிற்பங்களைப் பார்க்கத்தான் போனேன். வரிசையாக நிற்கும் திருமேனிகளில் ஒன்றின் கீழ், அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று இருக்கிறது. அரிட்டாபட்டி, கொங்கர் புளியங்குளம் என்று போகிற மலையெல்லாம் அச்சணந்தியின் பெயரைப் பார்த்திருக்கிறேன். துறவியாகிப் போன மகனின் பெயரோடு சேர்த்துத் தன் பெயரை வெட்டச் சொன்ன அம்மா. அந்த இடத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வட்டெழுத்தும் கற்க வேண்டும் என்று முடிவு செய்தது அங்கேதான்.

பத்தாம் மாதம், நான் காத்திருந்த அழகர்மலை. கிடாரிப்பட்டி வழியாகப் போனோம். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "ஏப்பா, புதையல் எங்க இருக்குன்னு எழுதியிருக்காமே, நெசமா?" என்று கேட்டார். "இல்ல அப்பத்தா, இந்தக் குகையில சாமியாருங்க தங்குறதுக்கு யாரு யாரு காசு குடுத்தாங்கன்னு எழுதியிருக்கு" என்றேன். "அப்ப நம்ம கோயில்ல டியூப்லைட்டுல பேரு எழுதுற மாதிரிதான்" என்றார். எனக்கு இதைவிடச் சரியாகச் சொல்ல வராது.

அழகர்மலையில் ஒன்றிரண்டு இல்லை, பத்துக்கும் மேற்பட்ட சிறு கல்வெட்டுகள். அரசர்களின் பெயரைத் தேடிப் போகிறவர்களுக்கு மாங்குளம். எனக்கு அழகர்மலைதான். வணிகன் என்ற சொல்லை முதலில் பிடித்துக்கொண்டேன்: காம்பு வைத்த வட்டம், ணி, கூட்டல் குறி, கொக்கி வைத்த ன. அதைக் கண்டுவிட்டால் முன்னால் இருப்பது என்ன வியாபாரம் என்று தெரிந்துவிடும். உபு வணிகன், உப்பு விற்றவர். பணித வணிகன், சர்க்கரைப் பாகு விற்றவர். அறுவை வணிகன், துணிக்கடைக்காரர். பொன் கொல்வன் என்று மதுரைத் தட்டார் ஒருவர். மதுரை அங்கே 'மதிரை' என்று இருக்கிறது. இங்கும் ஆதன்.

அடுத்தது. கூட்டல் குறி, இரண்டு பக்கமும் கோடு: கொ. அதற்கு அடுத்த எழுத்து எனக்குத் தெரியவில்லை. பிறகு வணிகன். நண்பர் வாயைத் திறக்கப் போனார், சொல்லாதீர்கள் என்று கையைக் காட்டினேன். மாங்குளத்தில் கேள்விக்குறி போட்ட பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வெளிச்சத்தை மூன்று பக்கமும் மாற்றிப் பார்த்தேன். அதே எழுத்து, அடியில் உகரக் கோடு. ழு. கொழு வணிகன். கலப்பைக் கொழு விற்றவர். பெயர் எளசந்தன்.

எங்கள் கடையை அப்பா தொடங்கியபோது பெயிண்டும் பிளம்பிங் சாமானும் கிடையாது. கொழு, மண்வெட்டி, கடப்பாரை, வண்டிக்கு இரும்புப் பட்டை, இவ்வளவுதான் விற்றார். டிராக்டர் வந்த பிறகும் பல வருடம் ஒரு மூலையில் கொழு அடுக்கி வைத்திருந்தார். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் போனில் படத்தைப் பெரிதாக்கி அவரிடம் காட்டி, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னேன். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்தூர்க்காரராம்?"

"ஊர் போடலப்பா. பேரும் யாவாரமும் மட்டும்தான்."

"வெலை கிலை எதுவும் போட்டிருக்கா?"

"இல்லப்பா."

மூட்டு வலியால் அவரால் மலை ஏற முடியாது. இந்தப் பதினோராம் மாதம் முழுக்க அந்த ஒரு வரியை அளவு பார்த்து வரைபடத் தாளில் வரைந்துகொண்டிருக்கிறேன். 'கொ' முடிந்துவிட்டது. ழகரத்தின் வளைவு இரண்டு முறை சரியாக வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிடாரிப்பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதை வரைய வேண்டும்.