மாறும் ஐபியில் சொந்த மெயில் சர்வர்: வேளச்சேரி வீட்டில் நிலைத்த அமைப்பு

முதலில் ரவுட்டரில் இணையம் வந்து சேரும் 'வான்' பக்கத்தைப் பாருங்கள். அங்கே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி இருந்தால் இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அதாவது ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். மாறும் ஐபியை ஒரு பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் வைத்தாலும் வெளியிலிருந்து மெயிலுக்கான 25ஆம் போர்ட்டுக்கு யாரும் வர முடியாது. பொது ஐபி கிடைத்தாலும் மெயில் அனுப்புவது சிரமம்தான். வீட்டு இணைப்புகளின் ஐபிகள் பெரும்பாலும் நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் இருக்கும். ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவும் நம் கையில் இல்லை.

அதனால் நிலையான ஐபியுள்ள சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றை முன்னால் நிறுத்தினோம். 1 ஜிபி ராம் தாராளம். வாங்கும் முன்பே 25ஆம் போர்ட் வெளியே திறந்திருக்கிறதா, பிடிஆர் மாற்ற விடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். வீட்டு சர்வர்தான் வயர்கார்டு என்ற விபிஎன் டனலில் விபிஎஸ்ஸைக் கூப்பிடும். இணைப்பை உயிரோடு வைக்கும் கீப்அலைவ் 25 விநாடி. வீட்டு ஐபி எத்தனை தடவை மாறினாலும் இணைப்பு தானே எழுந்துகொள்ளும்.

பலரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது. விபிஎஸ்ஸில் 25ஆம் போர்ட்டை மாஸ்கரேடு போட்டு (அனுப்புநர் ஐபியை மறைத்து) வீட்டுக்குத் திருப்பினால், உலகத்து மெயில் எல்லாம் டனல் முகவரியிலிருந்தே வருவதாக மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் நினைக்கும். அந்த முகவரி, நம்பகமானவற்றைக் குறிக்கும் 'மைநெட்வொர்க்ஸ்' வரிசையிலும் இருந்தால் சர்வர் யாருடைய மெயிலையும் கடத்தும் ஓப்பன் ரிலே ஆகிவிடும். ஸ்பாம் அனுப்புவோர் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடுவார்கள். போர்ட்டைத் திருப்பாமல் விபிஎஸ்ஸிலேயே ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் வைத்து, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை அதற்குக் காட்டுங்கள். செல்லுபடியாகும் பெறுநர் பட்டியலையும் அங்கேயே கொடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத முகவரிக்கு வந்ததை அது வாங்கிக்கொள்ளும், வீட்டு சர்வர் மறுக்கும், பவுன்ஸ் (திரும்பும் அறிவிப்பு) சம்பந்தமில்லாத யாருக்கோ போகும்.

பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை கரண்ட் போனாலும் கவலையில்லை. விபிஎஸ்ஸின் கியூ (காத்திருக்கும் மெயில் வரிசை) இயல்பாகவே 5 நாள் தாங்கும். கரண்ட் வந்ததும் விபிஎஸ்ஸில் 'போஸ்ட்கியூ -எஃப்' கொடுத்தால் தேங்கிய மெயில் உடனே வீட்டுக்கு இறங்கும்.

சின்ன மெயில் வந்து, பெரிய அட்டாச்மென்ட் மட்டும் தொங்கினால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) பாருங்கள். பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் 1492தான் கிடைக்கும் என்பதால் வயர்கார்டின் 1420ஐ 1412 ஆக்க வேண்டும், இரு முனையிலும்.

வெளியே போகும் மெயிலும் விபிஎஸ் வழியாகவே. யார் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அதன் ஐபி மட்டும் போதும். மெயிலுக்குக் கையொப்பமிடும் டிகேஐஎம்மின் 2048 பிட் சாவி, ஒரு துண்டுக்கான 255 எழுத்து வரம்பைத் தாண்டும். டிஎன்எஸ்ஸின் டிஎக்ஸ்டி பதிவில் இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்துப் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஜிமெயில் மறுத்தால், லாகில் ஐபிவி6 முகவரி தெரிகிறதா பாருங்கள். அதற்குப் பெரும்பாலும் பிடிஆர் இருக்காது. போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் 'இனெட்_புரோட்டோகால்ஸ்' மதிப்பை ஐபிவி4 ஆக்குங்கள். ரீலோடு போதாது, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும்.