உக்லிச்: நாக்கு அறுக்கப்பட்ட மணியின் ஊர்

மணிக்கு நாக்கு உண்டு என்கிறோம். அண்டாவுக்கும் குண்டாவுக்கும் காது உண்டு என்கிறோம். ரஷ்யர்கள் வழக்கமும் இதுதான். மணிக்குள் ஆடும் இரும்பு அவர்களுக்கும் நாக்கு. மணியைத் தொங்கவிட மேலே இருக்கும் வளையம் அவர்களுக்கும் காது. வோல்கா நதிக்கரையில் உள்ள உக்லிச் என்ற சிற்றூரில் 430 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மணியின் நாக்கைப் பிடுங்கி, காதை அறுத்து, 12 சாட்டையடி கொடுத்து, சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த மணியைப் பார்க்கத்தான் போனேன்.

பெரும்பாலான பயணிகள் மாஸ்கோவிலிருந்து கப்பலில் வருகிறார்கள். நான் பஸ்ஸில் போனேன், வழியில் கல்யாஸினில் இறங்கிவிட்டு. அங்கே நதிக்கு நடுவில் ஒரு வெள்ளை மணிக்கூண்டு மட்டும் நிற்கிறது. 1800-இல் கட்டியது, 70 மீட்டருக்கும் மேல் உயரம். உக்லிச்சில் அணை கட்டியபோது ஊரின் பழைய பகுதியை நீர் விழுங்கிவிட்டது, கூண்டு மிஞ்சியது. புகைப்படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கரையில் நின்று, அந்த நீருக்கடியில் தெருக்கள் இருந்தன என்று நினைத்துக்கொண்டு பார்த்தபோது எனக்குப் படம் எடுக்க மனம் வரவில்லை.

உக்லிச்சில் சுமார் 30,000 பேர் வாழ்கிறார்கள். 937-இல் தோன்றிய ஊர் என்பது மரபு. இங்கும் ஒரு க்ரெம்லின், அதாவது நகரின் கோட்டை வளாகம், உண்டு. ஆனால் கோட்டைச் சுவர் இல்லை. மரங்கள், புல்வெளி, சில தேவாலயங்கள், 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஒரு சிவப்புச் செங்கல் மாளிகை. இளவரசர்களின் அரண்மனையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

1584-இல் ரஷ்ய மன்னர் 'பயங்கர' இவான் இறந்ததும் அவருடைய கடைசி மகன் திமீத்ரியையும் தாய் மரியா நகாயாவையும் இங்கே அனுப்பிவைத்தார்கள். பெயருக்கு அது சிறுவனின் சிற்றரசு. உண்மையில் தலைநகரிலிருந்து ஒதுக்கிவைத்தல். மாஸ்கோவில் அண்ணன் ஃபியோதர் ஜார் மன்னராக இருந்தார். ஆட்சியை நடத்தியவர் ஃபியோதரின் மைத்துனர் போரிஸ் கதுனோவ். ஃபியோதருக்கு ஆண் வாரிசு இல்லை. அப்படியிருக்க, 1591 மே 15 நண்பகலில், அரண்மனை முற்றத்தில் மற்றச் சிறுவர்களோடு கத்தியைத் தரையில் குத்தி விளையாடிக்கொண்டிருந்த 8 வயது திமீத்ரி, கழுத்தில் வெட்டுப்பட்டு இறந்துகிடந்தான்.

தாய் ஓடிவந்தாள். கையில் கிடைத்த விறகுக்கட்டையால் செவிலியை அடித்தாள். தேவாலயத்து மணி அபாய ஒலி எழுப்பியது. அடித்தவர் 'வெள்ளரிக்காய்' என்று பட்டப்பெயர் கொண்ட, மனைவியை இழந்த ஒரு பாதிரியார். தீப்பற்றிவிட்டதோ என்று ஓடிவந்த ஊரார் சிறுவனின் உடலைக் கண்டார்கள். மாஸ்கோவின் அதிகாரி பித்யகோவ்ஸ்கி உட்படக் கொலைகாரர்கள் என்று தாங்கள் நம்பியவர்களை அங்கேயே கொன்று தீர்த்தார்கள்.

விசாரணைக்கு மாஸ்கோவிலிருந்து வந்தவர் வசீலி ஷுய்ஸ்கி என்ற பிரபு. வலிப்பு வந்து சிறுவன் தன் கத்தியின் மீதே விழுந்துவிட்டான் என்று முடிவு சொன்னார். 1605-இல் 'நான்தான் உயிர் தப்பிய திமீத்ரி' என்று ஒருவன் படையோடு வந்தபோது அவனையும் ஏற்றுக்கொண்டார். 1606-இல் தானே ஜார் ஆனதும், சிறுவன் கதுனோவின் ஆட்களால் கொல்லப்பட்ட தியாகி என்று அறிவித்து, உடலை மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார். ஒரே சாவுக்கு ஒரே மனிதர் மூன்று கதைகள். தாயும் அந்தப் பொய் திமீத்ரியைத் தன் மகன் என்று அணைத்துக்கொண்டாள், அவன் கொல்லப்பட்ட பிறகு மறுத்தாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகன் செத்த கையோடு முக்காடு போட்டுத் துறவியாக்கி, எங்கோ தொலைவில் அடைத்துவைக்கப்பட்டவள் அவள். ஷுய்ஸ்கிக்கு அந்தச் சலுகையை என்னால் தர முடியாது.

தண்டனை ஊருக்கு விழுந்தது. பலர் கொல்லப்பட்டார்கள், பலருடைய நாக்கு அறுக்கப்பட்டது, சுமார் 60 குடும்பங்கள் சைபீரியாவில் பெலிம் என்ற இடத்துக்கு விரட்டப்பட்டன. மனிதர்களுக்குச் செய்ததையே மணிக்கும் செய்தார்கள். நாடு கடத்தப்பட்டவர்களே அதை இழுத்துக்கொண்டு போனார்கள் என்றும் சொல்லப்படுகிறது. சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில் அது மணிக்கணக்கு அறிவிக்கும் வேலையைப் பார்த்தது. பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட மணிக்கு அங்கே மறுபடி பேச வேலை கிடைத்ததே, அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சிறுவன் இறந்த இடத்தில் 1692-இல் கட்டிய தேவாலயம், 'குருதி மேல் நிற்கும் திமீத்ரி' என்ற பெயரோடு ஆற்றோரமாக நிற்கிறது. செந்நிறச் சுவர்; நீலக் குவிமாடங்களில் பொன் நட்சத்திரங்கள். உள்ளே அந்த நாளின் கதையைச் சுவரோவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். கத்தி, ஓடும் மக்கள், மணி எல்லாம் உண்டு.

நான் தேடிவந்த மணியும் அங்கேயே தாழ்வாகத் தொங்குகிறது. என் இடுப்புயரம்கூட இருக்காது. எடை சுமார் 320 கிலோ. கறுத்த, கரடுமுரடான வெண்கலம். மேலே பார்த்தால் ஒரு காது இல்லை. வெட்டிய இடம் மொண்ணையாக இருக்கிறது. விளிம்பைச் சுற்றி எழுத்துகள். இளவரசர் கொல்லப்பட்டபோது அபாய ஒலி எழுப்பியது இந்த மணி, 1593-இல் உக்லிச்சிலிருந்து தொபோல்ஸ்க்குக்கு நாடு கடத்தப்பட்டது, எடை 19 பூட் 20 ஃபுன்ட் என்று ஒரு கைதியின் கோப்பைப் போல அந்த வாசகம் போகிறது. பூட் என்பது 16 கிலோவுக்குச் சற்று அதிகமான பழைய ரஷ்ய எடை; 40 ஃபுன்ட் சேர்ந்தால் ஒரு பூட்.

ஊரார் மனு மேல் மனு போட்டார்கள். மூன்றாம் அலெக்சாண்டர் காலத்தில் அனுமதி கிடைத்து, 1892-இல் மணி ஊர் திரும்பியது. ஏறத்தாழ 300 ஆண்டுகள். அனுப்பியவனும் இல்லை, போனவனும் இல்லை, அவர்களின் பேரன் பேத்திகளும் இல்லை. ஆனாலும் 'எங்கள் மணி' என்று கேட்க ஆள் இருந்தார்கள். 1677-இல் தொபோல்ஸ்க்கில் பிடித்த தீயில் அசல் மணி உருகிவிட்டது, இது பின்னால் வார்த்தது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இருக்கலாம். அவர்கள் திரும்பக் கேட்டது வெண்கலத்தை மட்டுமல்லவே.

க்ரெம்லின் கரையில் நின்றால் அணை தெரிகிறது. 1935-இல் தொடங்கி, வோல்கா கட்டாய உழைப்பு முகாம்களின் கைதிகளைக் கொண்டு கட்டியது. 1940 டிசம்பரில் மின்சாரம் பிறந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மானியப் படை மாஸ்கோவின் வாசலில் நின்ற குளிர்காலத்தில் தலைநகருக்கு வெளிச்சம் கொடுத்தது. கல்யாஸினை மூழ்கடித்ததும் இதே சுவர்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. துறைக்கருகில் இந்த ஊர்த் தொழிற்சாலை செய்து புகழ்பெற்ற 'சைக்கா' கைக்கடிகாரங்கள் விற்கிறார்கள். விண்வெளிக்குப் போன முதல் பெண் வலெந்தினா தெரெஷ்கோவாவின் வானொலி அழைப்புப் பெயர் அது.

மாலையில் மறுபடி தேவாலயத்துக்குப் போனேன். கப்பல் கூட்டம் கலைந்திருந்தது. காவலுக்கு இருந்த மூதாட்டி பின்னல் ஊசிகளை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் காதைத் தொட்டுக் காட்டினேன், மணியின் ஒலியைக் கேட்க முடியுமா என்று. அவர் எழுந்து வந்து, மடக்கிய விரல் முட்டியால் மணியின் விளிம்பில் ஒருமுறை தட்டினார். சன்னமான ஒலிதான். சுவர் வரை போய்த் திரும்பி, நான் எதிர்பார்த்ததைவிட வெகுநேரம் நின்றது. அது அடங்கும்வரை அவரும் நாற்காலிக்குத் திரும்பவில்லை.