தேய்க்காத பித்தளை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒரு கடையில் கணக்கு எழுதுவதும் பில் போடுவதும் என் வேலை. செட்டிநாட்டு வீடுகளை விட்டு வெளியே வரும் சாமான்களில் பெரும்பகுதி எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப்படம், மங்குச் சாமான், மரவை, எனாமல் தூக்கு, பித்தளை அண்டா என்று எல்லாமே வரும்.

ஏன் வருகின்றன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோதே, அங்கே வட்டித் தொழில் செய்த பல நகரத்தார் (செட்டியார்) குடும்பங்களின் கொடுக்கல் வாங்கல் முறிந்துபோனது. பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு அங்கிருந்த நிலங்களும் கைவிட்டுப் போயின. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்கு இருக்கும். ஓடு மாற்ற வேண்டும் என்றால்கூட எல்லாப் பங்காளிகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் வீட்டைப் பிரித்து விற்கிறார்கள்.

அதனால் ஒரு பொருளுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அன்றாடக் கேள்வி. பித்தளை என்றால் முதலில் எடை, அப்புறம் வயது, அப்புறம் பாலிஷ். இதற்கெல்லாம் மேலே கதை. இந்தத் தூண் இன்ன ஊரில் இன்ன வீட்டு முகப்பில் நின்றது என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தால் விலையே வேறு. மரமும் கடைசலும் அதேதான்.

2024 நவம்பரில் வாழைப்பழச் செய்தி வந்தபோது கடையில் பெரிய வாக்குவாதம். மௌரிசியோ கட்டலான் என்ற இத்தாலியக் கலைஞர், 2019-ல் மயாமியில் நடந்த கலைச் சந்தையில் ஒரு வாழைப்பழத்தை ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். 'காமெடியன்' என்று தலைப்பு. அப்போதே விலை 1,20,000 டாலர். அதன் ஒரு பிரதி நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் கட்டணங்களும் சேர்த்து 62 லட்சம் டாலருக்குப் போனது. ஏலம் எடுத்த கிரிப்டோ தொழிலதிபர் சில நாளிலேயே ஹாங்காங்கில் நிருபர்கள் முன்னால் பழத்தைத் தின்றுவிட்டார்.

கடையில் பாலிஷ் வேலை பார்க்கும் அண்ணனுக்கு இதைக் கேட்டுக் கோபமே வந்துவிட்டது. "வெளைய வச்சவனுக்குச் சில்லறை, ஒட்டுனவனுக்குக் கோடியா தம்பி?" என்றார். முதலாளிக்குக் கோபம் இல்லை. "அவன் பழத்தை வாங்கலப்பா, சீட்டை வாங்கியிருக்கான்" என்றார். உண்மையும் அதுதான். வாங்குகிறவருக்குக் கிடைப்பது அசல் என்பதற்கான சான்றிதழும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்புகளும். பழம் அழுகினால் வேறு வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். தூணோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து விற்கும் எங்களுக்கு இது புரியாத வியாபாரம் இல்லை.

ஆனால் வியாபாரம் புரிவது வேறு, அதைக் கலை என்று ஏற்பது வேறு. அந்த வாழைப்பழம் பேசுவது விலையைப் பற்றி. விலையைக் கேட்டதும் நமக்குத் திக்கென்கிறது. அதற்குப் பிறகு அதில் பார்க்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. எண்ணிக்கையைக் கேட்டு வாய் பிளப்பதற்கு ஒரு கலைப் படைப்பு வேண்டியதில்லை என்பது என் கருத்து. இதில் நான் அண்ணன் பக்கம்.

அடுத்த வருடம் சென்னையில் இருந்து ஒரு கலைஞர் எங்கள் கடைக்கு வந்தார். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். விலாசம் வெட்டிய பாத்திரங்கள் மட்டும் வேண்டும் என்றார். விலாசம் என்பது நகரத்தார் குடும்பங்களின் தலைப்பெழுத்துகள். அப்பா, அய்யா (தாத்தா) பெயர்களின் முதல் எழுத்துகளை வரிசையாகச் சேர்த்து, சீராகக் கொடுக்கும் அண்டா, தவலை, தாம்பாளம், சொம்பு எல்லாவற்றிலும் வெட்டியிருப்பார்கள். வாங்க வருகிறவர்களில் பலர் அந்த எழுத்தை எடுத்துத் தர முடியுமா என்றுதான் கேட்பார்கள். அடுத்தவர் பெயர் வரவேற்பறையில் இருப்பதில் அவர்களுக்கு விருப்பம் இல்லை. இவர் எழுத்துள்ளதைத் தேடினார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்: தேய்க்கவே கூடாது.

அண்ணன் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது சொன்னார்: "தேய்க்காதேன்னு சொல்றது ஒரு வேலையா தம்பி? அழுக்கே கலைன்னா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அவர் வேலையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். புளித் தண்ணீரில் ஊறப் போட்டு, தேங்காய் நாரால் பச்சை பிடித்த இடத்தைச் சுரண்டி, அப்புறம் பஃபிங் சக்கரத்தில் பிடிப்பார். முகமெல்லாம் கறுப்புத் தூசி படியும். ஒரு தவலையின் கழுத்து மட்டுமே அரைநாளைத் தின்றுவிடும். நவீனக் கலையைக் குறை சொல்கிறவர்கள் எல்லோரும் படிக்காதவர்கள், ரசனை இல்லாதவர்கள் என்று சில கட்டுரைகளில் ஒரு தொனி வரும். எனக்கு அது பிடிக்காது. கையால் உழைக்கிறவர் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மேடம் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. அவர் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. ஏற்கெனவே பாலிஷ் போட்டு வைத்திருந்த ஒரு தாம்பாளத்தை எடுத்து, "இவ்வளவு தேய்த்தும் எழுத்து எப்படி அழியாமல் இருக்கிறது?" என்று அண்ணனிடம் கேட்டார். சக்கரத்தின் விளிம்பு எழுத்தில் படாதபடி தட்டைச் சாய்த்துப் பிடித்து, எழுத்து இருக்கும் இடத்தைத் துணியால் மட்டும் தேய்ப்பதை அண்ணன் செய்து காட்டினார். யாரும் சொல்லி அவர் அப்படிச் செய்யவில்லை. பேர் அழியக்கூடாது என்று அவராகவே வைத்திருந்த முறை. பக்கத்தில் உட்கார்ந்து பில் எழுதும் எனக்கும் அதுவரை தெரியாது.

கானாடுகாத்தான் பக்கம், ஆள் இல்லாத ஒரு வீட்டின் வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) பாத்திரங்களை வைத்தார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வரிசையாகப் பரப்பி வைத்து உறவுக்காரர்கள் வந்து பார்ப்பது நகரத்தார் வழக்கம். அதே மாதிரிதான் மேடமும் பரப்பியிருந்தார், ஆனால் கறுத்துப் போன பித்தளையாக. நடுநடுவே இடம் விட்டு, அங்கெல்லாம் கோலமாவில் வெறும் வட்டம் மட்டும் போட்டிருந்தார். எடைக்குப் போட்டு உருக்கப்பட்டுவிட்ட பாத்திரங்களுக்கான வட்டம். விளக்கப் பலகை எதுவும் கிடையாது.

பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர், "இதை நாங்களே செஞ்சிருப்போமே" என்றார்கள். செய்திருக்கலாம்தான். அந்தப் பாத்திரங்கள் எங்கள் கடையில் பல வருடம் கிடந்தன. நான் 'பித்தளைச் சாமான், இத்தனை கிலோ' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவற்றை ஒரு வீட்டுத் தரையில் பரப்பிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதும் வேலைதான்.

இந்தச் சண்டை நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1917-ல் மார்செல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர், கடையில் வாங்கிய ஒரு சிறுநீர்ப் பீங்கானில் 'ஆர். மட்' என்று கையெழுத்துப் போட்டு நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். பணம் கட்டிய யாரும் படைப்பை வைக்கலாம் என்று விதி வைத்திருந்த சங்கமே அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. அவர் கையால் செய்தாரா என்பது முக்கியமில்லை, தேர்ந்தெடுத்தார் என்பதே முக்கியம் என்று ஆதரவாகவும் அப்போதே எழுதினார்கள். அசல் பீங்கான் தொலைந்துபோனது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை அவர் அனுமதியோடு பின்னால் செய்த பிரதிகள். நம் நாட்டிலும் சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கிப் பெரிய சிற்பங்கள் செய்கிறார். 2006-ல் பாத்திரங்களாலேயே மாபெரும் மண்டையோடு ஒன்றைச் செய்தார். படத்தில் பார்த்தபோது நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பளபளப்பு அப்படியே பயமாக மாறியது. அதற்கு நான் எந்தப் புத்தகமும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

வளவுக்கு வந்தவர்களில் எனக்கு முக்கியமானவர் பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர். குனிந்து குனிந்து ஒவ்வொரு விலாசமாக வாய்விட்டுப் படித்தார். "இது எங்க பெரியாத்தா வீட்டு விலாசமப்பா" என்று ஒரு சொம்பைத் தொட்டார். இவர்கள் ரங்கூனில் கடை வைத்திருந்தவர்கள், இவர்கள் பினாங்குக்குப் போனவர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் இது கலை என்று அவரிடம் சொல்லவில்லை. கடைசியில் கோபமாக ஒன்று சொன்னார்: "பரப்புறதுன்னா துலக்கிப் பரப்பணும். இப்படிக் கறுப்பாப் போட்டு வச்சா, இந்த வீட்டுல ஆளே இல்லன்னு ஊருக்குச் சொல்ற மாதிரியில்ல இருக்கு!"

குறையாகத்தான் சொன்னார். மேடம் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வாழைப்பழத்தை ஏற்காத நான் இதை ஏன் ஏற்கிறேன் என்று முதலாளி கேட்டார். இந்த வளவில் விலை என்ற பேச்சே இல்லாமல் ஒரு மணிநேரம் நிற்க முடிந்தது. கறுப்பும் எழுத்தும் காலி வட்டமும் ஒன்றையொன்று பேச வைத்தன. மறுநாள் போனபோது வட்டங்களில் சில காற்றில் கலைந்திருந்தன. அன்று வேறு மாதிரி இருந்தது. யோசனையைக் கேட்டு முடித்த பிறகும் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்பதை வைத்துத்தான் நான் பிரித்துப் பார்க்கிறேன். முதலாளி இதை ஏற்கவில்லை. "நம்மகிட்ட கிலோ கணக்குல வாங்கி, நாளைக்கு ஒரு மியூசியம் லட்சத்துல வாங்கினா, நீ அப்பவும் இப்படித்தான் பேசுவியா?" என்றார். பேசுவேன். ஆனால் அவர் கேள்வியில் நியாயமான ஒரு பாதி இருக்கிறது.

அது உழைத்தவர் பெயர் பற்றியது. சோல் லெவிட் என்ற அமெரிக்கக் கலைஞர் சுவரோவியங்களுக்குக் குறிப்பு மட்டும் எழுதித் தந்தார். சுவரில் வரைகிறவர்கள் வேறு ஆட்கள். யோசனைதான் கலையைச் செய்யும் இயந்திரம் என்று 1967-லேயே எழுதியவர் அவர். அப்படிப்பட்டவரின் ஓவியங்களிலும் முதலில் வரைந்தவர்களின் பெயர்களைக் குறிப்பிடும் வழக்கம் இருக்கிறது. நம் பக்கம் அந்த வழக்கம் இன்னும் சரியாக வரவில்லை. கொத்தனார், ஆசாரி, தரைக்கான ஆத்தங்குடிப் பூக்கல் ஊற்றுகிறவர், பாலிஷ் போடுகிறவர் எல்லோரும் 'உள்ளூர்க் கைவினைஞர்கள்' என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வாசலில் இருந்த அட்டையில் அண்ணன் பெயரையும் போட வேண்டும் என்று மேடத்திடம் கேட்டேன். அந்த எழுத்துகளில் பாதி இன்று படிக்க முடிகிறது என்றால், முன்னால் எத்தனையோ முறை தேய்த்தபோதெல்லாம் இவர் கை அவற்றைத் தப்ப வைத்ததுதான் காரணம் என்றேன். அவர் உடனே சரி என்றார்.

ஒத்துக்கொள்ளாதவர் அண்ணன்தான். "தேய்க்காத சாமானுக்கு என் பேரு எதுக்கு தம்பி? நான் தேச்சதைப் பரப்புனா அப்பப் போடச் சொல்லு" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. மேடம் இப்போது இன்னொரு தொகுதிப் பாத்திரங்கள் கேட்டிருக்கிறார். அதில் பாதியைத் தேய்த்தும் பாதியைத் தேய்க்காமலும் வைக்கலாமா என்று அண்ணனிடமே கேட்டு அனுப்பியிருக்கிறார். எந்தப் பாதி என்பதைத் தானே தீர்மானிப்பதாக இருந்தால் செய்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.